கலங்கிய நீர் தெளிவதற்கு: அறுபதைக் கடந்தவர்களுக்கான சில நடைமுறை வழிகள்

பதிவுத்துறையில் எழுத்தராகச் சேர்ந்து, சார்பதிவாளர் அலுவலகங்களிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். ஒரு நாள், வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பதற்காக ஒரு பெரியவர் வந்து மேசை முன்னால் அமர்ந்திருந்தார். "பத்திரத்தில் உள்ளதைப் படித்துப் பார்த்தீர்களா ஐயா, மனமொப்பித்தான் எழுதிக் கொடுக்கிறீர்களா?" என்று அதிகாரி கேட்டதற்கு, "எழுபத்து நான்கு" என்று அவர் பதில் சொன்னார். மகன் குனிந்து காதருகே உரக்கக் கத்தினார். பெரியவர் புன்னகையோடு தலையாட்டினார். எதற்குத் தலையாட்டினார் என்பது அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்குப் பத்திரம் பதிவாகவில்லை. வெளியே வராந்தாவில் காத்திருந்தவர்கள், "பெரியவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இடது காதில் ஒரு சிறு கருவி இருந்தது. பத்திரத்தை வரி வரியாகப் படித்து, தானும் மனைவியும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தனி ஷரத்தாகச் சேர்க்கச் சொல்லி, சேர்த்த பிறகே கையெழுத்திட்டார். புத்தியில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. செவி மட்டுமே அடைத்திருந்தது.

முதுமையில் தெளிவு வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தப் பெரியவரின் கதையைத்தான். தெளிவும் ஞானமும் வயதோடு தாமாகவே வந்து சேரும் என்று நாம் நம்புகிறோம், அல்லது தியானத்திலும் தத்துவ நூல்களிலும் தேடுகிறோம். பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பால் பால்டஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1980களிலிருந்து இதை ஆராய்ந்தார்கள். சிக்கலான ஒரு வாழ்க்கைப் பிரச்சினையைச் சொல்லி, அதைப் பற்றி வாய்விட்டுச் சிந்திக்கச் சொல்லி, கிடைத்த பதில்களை மதிப்பிட்டார்கள். இளைஞர்களைவிட முதியவர்கள் பெரிதாக மேம்பட்டும் இல்லை, தாழ்ந்தும் இல்லை. வயது மட்டும் கூடுவதால் ஞானம் கூடிவிடாது என்பதே அவர்கள் கண்டது. நரைத்த தலைகளை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை.

என் பாட்டி வீட்டில், ஆற்றில் புதுவெள்ளம் வரும் நாட்களில் குடத்து நீர் செம்மண் நிறத்தில் இருக்கும். அவர் ஒரு தேற்றாங்கொட்டையை எடுத்து, மண்பானையின் உட்புறத்தில் சிறிது நீர் விட்டுச் சந்தனம் உரைப்பதுபோல் உரைத்துவிட்டு, அதற்குள் கலங்கல் நீரை ஊற்றி மூடி வைத்துவிடுவார். கொட்டையிலிருந்து இறங்கும் பொருள் நீரில் மிதக்கும் நுண்ணிய மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாக்குவதால் அவை அடியில் படிந்துவிடும். மறுநாள் காலையில் பானையை அசைக்காமல் மேல்நீரை மட்டும் மொண்டுகொள்ள வேண்டும். அவசரப்பட்டு அகப்பையை ஆழமாக விட்டால் மறுபடியும் கலங்கிவிடும். தெளிதல், தேறுதல், தேற்றுதல் ஆகிய சொற்களை எங்கே கேட்டாலும் எனக்கு அந்தப் பானைதான் நினைவுக்கு வருகிறது. கீழே நான் சொல்லப்போகும் வழிகளும் அதே வரிசையில்தான் அமைந்துள்ளன: முதலில் உடம்பு, பிறகு காகிதங்கள், அதன் பிறகு முடிவெடுக்கும் பழக்கம், கடைசியில் மனத்தாங்கல்கள். வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் இரவெல்லாம் புரண்டு படுப்பவருக்கு ஆன்மிகச் சொற்பொழிவு பயன்படாது.

காது, கண், மாத்திரைப் பை

வயதின் காரணமாக வரும் செவிக் குறைவில் முதலில் போவது உயர்ந்த சுருதியில் உள்ள ஒலிகள். உயிரொலிகள் ஓரளவு கேட்டுக்கொண்டிருக்கும். மெய்யெழுத்துகளின் கூர்மை மழுங்கிவிடும். கடை, சடை, தடை ஆகிய மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கும். "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் புரியவில்லை" என்று பெரியவர்கள் சொல்வது சாக்கு அல்ல, துல்லியமான நோய்க்குறி விவரிப்பு. பேச்சு புரியாதவர் கூட்டத்தில் பேசுவதைக் குறைப்பார். பேச்சு குறைந்தவரை மற்றவர்கள் கேட்பதைக் குறைப்பார்கள். ஓராண்டுக்குள் வீட்டில் அவரைக் கேளாமலேயே எல்லாம் நடக்கத் தொடங்கிவிடும். மறதி நோய் பற்றி லான்செட் இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறது. செவிக் குறைவு, சரிசெய்யப்படாத பார்வைக் குறைவு, தனிமை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடற்பயிற்சியின்மை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன.

ஆகவே அறுபது வயது நிறைந்ததும், மணிவிழா முடிந்த கையோடு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். காதுக்குள் குறும்பி அடைத்திருந்தால் அதை எடுப்பதோடு பிரச்சினை தீர்ந்துவிடவும் கூடும். கருவி தேவைப்பட்டால், வாங்கிய நாளிலேயே கல்யாண மண்டபத்துக்கு அணிந்துகொண்டு போகாதீர்கள். பாத்திரச் சத்தமும் நாதஸ்வரமும் மண்டைக்குள் மோதும், கருவி அலமாரிக்குப் போய்விடும். முதல் வாரத்தில் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேசும்போது ஓரிரு மணி நேரம் அணிந்து, பின்னர் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மூளை அந்த ஒலிகளுக்கு மறுபடியும் பழகச் சில வாரங்கள் ஆகும் என்பதை விற்பவர்கள் எல்லாரும் சொல்வதில்லை.

கண்புரையைப் பற்றித் தமிழ்நாட்டில் நீட்டிச் சொல்லத் தேவையில்லை. செய்தித்தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் படிக்கிறீர்கள் என்றால், இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு பூவாக விரிந்து தெரிகிறது என்றால், காலம் தாழ்த்தாமல் கண் மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரைகளைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வாங்கியது, மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கியது, சூரணம், லேகியம் உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய் ஒரே மருத்துவர் முன்னால் கொட்டுங்கள். இதய மருத்துவர் எழுதியதும் பொது மருத்துவர் எழுதியதும் இரண்டு வெவ்வேறு பெயர்களில் ஒரே மருந்தாக இருப்பது அபூர்வம் அல்ல. சளிக்கு வாங்கும் சாதாரண மாத்திரைகள் பலவற்றில் உள்ள குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள் முதியவர்களுக்கு மந்தத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும். தூக்க மாத்திரைகளும் அப்படியே. சர்க்கரைக்கு மெட்பார்மினை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அந்தக் குறைவு மறதியாகவும் சோர்வாகவும் வெளிப்படலாம். ரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் சிலவகை நீர் மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆளைத் தடுமாற வைக்கும். தைராய்டு குறைவும் இதே வேடத்தில்தான் வரும். இவை எல்லாமே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடியவை, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப்போய், இடம் தெரியாமல், ஆள் தெரியாமல் பேசினால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியக் குறைவு, சர்க்கரை திடீரென இறங்குதல் என்று ஏதாவது ஒன்று உள்ளே நடந்துகொண்டிருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நிலை அது. முதியோர் மருத்துவத்தை இந்தியாவில் தனித் துறையாகக் கட்டியெழுப்பியதில் சென்னை மருத்துவக் கல்லூரி முன்னோடி. கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டிருக்கிறது. அருகில் அப்படிப்பட்ட பிரிவு இருந்தால் ஒரு முறையேனும் சென்று முழுமையாகப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

காகிதங்கள்

இது நான் புழங்கிய இடம் என்பதால் இங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிடுகிறேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் உங்கள் சொத்துகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று செய்திகள் வேண்டும்: மூலப் பத்திரம் எங்கே உள்ளது, பட்டா யார் பெயரில் உள்ளது, அது பூர்வீகமா, நீங்களே சம்பாதித்து வாங்கிய சுயார்ஜிதமா. பத்திரம் உங்கள் பெயரிலும் பட்டா இறந்துபோன உங்கள் தந்தையார் பெயரிலும் இருக்கிற வீடுகள் ஊருக்கு நூறு உண்டு. நீங்கள் உயிரோடு இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலை, உங்களுக்குப் பின்னால் வாரிசுச் சான்றிதழ், சகோதரர்களின் ஒப்புதல் என்று இழுக்கும். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே நீங்கள் உயில் எழுத முடியும். மகள்களுக்கும் அதில் பிறப்புரிமை உண்டு. தமிழ்நாடு 1989லேயே இதைச் சட்டமாக்கியது, நாடு முழுவதற்குமான சட்டத்திருத்தம் 2005இல் வந்தது. "பெண்ணுக்குத்தான் நகை போட்டு அனுப்பிவிட்டோமே" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

அடுத்து, உயிலுக்கும் செட்டில்மென்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடுகிறது. பின்னர் மனம் மாறினால் நீங்களாக அதை ரத்து செய்துவிட முடியாது. உயில் உங்கள் மறைவுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளில் எழுதலாம், நீங்கள் கையெழுத்திட, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதிவு செய்வதே நல்லது என்பது என் அனுபவம். மற்றப் பத்திரங்களை எழுதிய நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். உயிலுக்கு அந்தக் காலக்கெடு கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பது ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றால், உறையில் இட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி உண்டு; அதைப் பயன்படுத்திக்கொள்பவர்கள்தான் மிகக் குறைவு. சொத்துப் பெறுபவரையே சாட்சியாக்காதீர்கள். உங்களைவிட வயதில் இளையவராகவும், தேடினால் கிடைக்கக்கூடியவராகவும் சாட்சி இருக்கட்டும். உயிலை நிரூபிக்க வேண்டிய நாளில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், அவர் இருக்க வேண்டும்.

செட்டில்மென்ட்தான் எழுதுவேன் என்று முடிவு செய்துவிட்டால், அந்தக் காதுக்கருவிப் பெரியவர் செய்ததைச் செய்யுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவின்படி, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது நிறைந்த ஒருவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அந்த நிபந்தனையை மீறினால், தீர்ப்பாயத்தை அணுகி அந்த மாற்றத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில் உள்ளவரே அந்தத் தீர்ப்பாயத்தின் தலைவர். நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால் வழக்கு எளிது. எழுதப்படாதபோது அதை அன்பின் பேரில் ஊகிக்கலாமா என்பது குறித்து நீதிமன்றங்களில் நீண்ட வாதங்கள் நடந்திருக்கின்றன. "பெற்ற பிள்ளையிடம் போய் நிபந்தனை போடுவதா?" என்று கூச்சப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலரைச் சில ஆண்டுகள் கழித்து வேறு முகத்தோடு பார்த்ததும் உண்டு. நல்ல பிள்ளைக்கு அந்த இரண்டு வரி ஒரு சுமையே இல்லை.

வங்கிக் கணக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்குகளைக் குறைத்து இரண்டோடு நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் நியமனதாரர் (நாமினி) பெயர் உள்ளதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும். ஆகவே நியமனத்தில் ஒருவர் பெயரும் உயிலில் வேறொருவர் பெயருமாக விட்டுவைத்துப் பிள்ளைகளை மோத விடாதீர்கள். பத்தாண்டுகள் யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். மறந்துபோன கணக்குகளைத் தேட உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023 முதல் நடத்துகிறது.

முடிவெடுப்பதற்கு முன்

"தன் முதுகு தனக்குத் தெரியாது" என்று ஊரில் சொல்வார்கள். இதையே கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் என்பவரோடு சேர்ந்து சோதனை செய்து, 2014இல் வெளியிட்டார். நண்பரின் சிக்கலைப் பற்றி மிகத் தெளிவாக யோசிக்கிற மனிதர், அதே சிக்கல் தமக்கு வரும்போது அவ்வளவு தெளிவாக யோசிப்பதில்லை. ஆனால் தம்மையே வேறொருவராக எண்ணி, தள்ளி நின்று பார்க்கச் சொன்னால் அந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. இதில் இளையவர், முதியவர் என்ற வேறுபாடு இல்லை என்றும் அவர்கள் கண்டார்கள்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அதே நாற்பது பக்க நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, உங்களை உறுத்தும் விஷயத்தை மூன்றாம் மனிதரின் கதையாக எழுதுங்கள். "மருமகள் என்னை மதிப்பதில்லை" என்று எழுதினால் பேனா அந்த வரியோடு நின்றுவிடும். "அறுபத்தெட்டு வயதான ஒரு பெண்மணி. முப்பது ஆண்டுகள் தனியாக ஆண்ட சமையலறையில் இப்போது இன்னொருவர் நிற்கிறார். காலை ஆறரை மணிக்கு அவர் அடுப்பைத் தொட்டபோது, மருமகள் அலுவலகத்துக்குப் பெட்டியில் சோறு கட்டிக்கொண்டிருந்தார். குக்கரை இறக்கச் சொன்னார். பெண்மணி அதை வெளியே போகச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்." இப்படி எழுதியவர் என் சொந்த அக்காள். எழுதி முடித்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு, ஆறரை மணிக்குப் பதிலாக எட்டரை மணிக்குச் சமையலறைக்குப் போகத் தொடங்கினார். சண்டை முழுவதும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். காலைச் சண்டை நின்றது.

பெரிய முடிவுகளுக்கு ஒரு கெடு வைத்துக்கொள்வது அடுத்த பழக்கம். கையெழுத்து, பணம், வீடு மாறுதல் ஆகிய மூன்றிலும் கேட்ட அன்றே சம்மதம் சொல்வதில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். மூன்று இரவு தூங்கி எழுந்த பிறகு சொல்கிறேன் என்பது போதுமான பதில். வண்டல் படிய அவ்வளவு நேரமாவது வேண்டும். "இன்றைக்கே முடிக்காவிட்டால் போய்விடும்" என்று யார் அவசரப்படுத்தினாலும், அவர் மகனாகவே இருந்தாலும், அந்த அவசரத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிப்பவர்களின் முழு மூலதனமும் இந்த அவசரம்தான். காவல்துறை சீருடையோடு காணொளியில் தோன்றி, "உங்கள் பெயரில் போதைப்பொருள் பொட்டலம் வந்திருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், யாரிடமும் பேசக்கூடாது" என்பார்கள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். பணம் போய்விட்டிருந்தால் வெட்கப்படாமல் 1930 என்ற எண்ணை முதல் சில மணி நேரத்துக்குள் அழையுங்கள். ஏமாந்தவர்களில் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் பேராசிரியர்களும் உண்டு. பயமும் தனிமையும் ஒன்றுசேர்ந்தால் படிப்பு எந்த அளவுக்குக் கை கொடுக்கும் என்பது எனக்குச் சந்தேகமே.

மனத்தாங்கல்

பழைய கோபங்களை எப்படிக் கையாள்வது என்பதற்கு ஒரே விதி கிடையாது. "எல்லாரையும் மன்னித்துவிடுங்கள்" என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. சில கோபங்கள் நியாயமானவை. ஆனால் எது நியாயம் என்று பிரித்துப் பார்க்காமலேயே எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிச் சுமக்கிறோம். நோட்டில் ஒரு பக்கத்தை இதற்காக ஒதுக்கி, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த ஆண்டில் எதனால் தொடங்கியது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். நான் எழுதியபோது என்னிடம் ஏழு பெயர்கள் இருந்தன. மூன்று பேருக்கு எதிரே காரணத்தை எழுத முடியவில்லை. ஒருவரோடு, 1994இல் ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காகப் பேசாமல் இருந்திருக்கிறேன். அந்தப் பத்திரிகையை அச்சடித்தவரும், மணமக்களின் பெற்றோரும் இப்போது உயிரோடு இல்லை.

காரணம் நினைவுக்கு வராதவர்களுக்கு ஏதாவது ஒரு சாக்கு வைத்துத் தொலைபேசியில் பேசிவிடலாம். பழையதைக் கிளற வேண்டியதில்லை, உடம்பு எப்படி இருக்கிறது என்ற ஒரு கேள்வி போதும். தவறு நம்முடையது என்று தெரிந்த இடத்தில் நேரில் போவதே சரி. வாட்ஸப்பில் கும்பிடும் பொம்மை அனுப்புவது மன்னிப்பு ஆகாது. உண்மையிலேயே நமக்குத் தீங்கு செய்தவர்களோடு உறவைப் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும், அடுத்த தலைமுறைக்கும் அது போய்ச் சேராது.

இந்த இடத்தில் மனம் பாரமாகி, தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போய், எதிலும் விருப்பமில்லாமல் போனால், அதைத் துறவு மனநிலை என்று எண்ணிவிடாதீர்கள். முதுமையில் மனச்சோர்வு பல நேரங்களில் வைராக்கியத்தின் தோற்றத்தில்தான் வருகிறது. டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

கையில் ஒரு வேலை

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற 1976இல்தான் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன அவர், அந்தக் கைகளாலேயே அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர். உ.வே. சாமிநாதையர் 1940இல், தமது 85ஆம் அகவையில், தம் வாழ்க்கை வரலாற்றை வார இதழில் எழுதத் தொடங்கினார். 1942இல் மறையும்போது அது முடிவு பெறாமல் நின்றது. நம் எல்லாராலும் அப்படி ஆக முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது வேறு: இருவருமே அதுவரை கற்றிருந்த தொழிலை விட்டுவிட்டுப் புதிய பொழுதுபோக்கைத் தேடவில்லை, தெரிந்ததையே இன்னொரு பக்கமாகத் திருப்பினார்கள். நீங்கள் கணக்குப் பிள்ளையாக இருந்தவர் என்றால் தெருவில் சுயஉதவிக் குழுவின் கணக்கை எழுதித் தரலாம். தையல் தெரிந்தவர், விதை சேமிக்கத் தெரிந்தவர், நிலவரைபடம் பார்க்கத் தெரிந்தவர் என்று ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இருக்கும். வாரத்தில் இரண்டு நாள், உங்களைவிட முப்பது வயது இளையவர்களோடு, காரியம் ஒன்றைச் சேர்ந்து செய்யும் ஏற்பாடு இருந்தால் போதும். அவர்கள் உங்களைத் திருத்துவார்கள், நீங்களும் திருத்திக்கொள்வீர்கள்.

அறிவுரையைப் பொறுத்தவரை, கேட்டால் ஒழியச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்கும்போதும் "நான் அந்தக் காலத்தில்" என்று தொடங்காமல், "உனக்கு எது தடையாக இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டால், பாதிப் பேர் தாங்களே விடையைச் சொல்லிவிடுகிறார்கள். மீதிப் பேருக்கு நம் பதில் தேவைப்படுவதில்லை, கேட்பதற்கு ஓர் ஆள்தான் தேவைப்படுகிறது.

கடைசிப் பக்கம்

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். மீள முடியாத நோயில் சுயநினைவின்றிப் படுத்துவிட்டால் உங்களுக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், உங்கள் சார்பில் யார் முடிவு சொல்ல வேண்டும் என்பதை அங்கே எழுத வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முன்விருப்ப ஆவணத்துக்கு அனுமதி அளித்தது; 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்றொப்பம் பெற்றால் போதும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மகனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, "அப்பா என்ன நினைத்திருப்பார்?" என்ற கேள்விக்கு உங்கள் கையெழுத்தே பதில் சொல்லிவிடும்.

எழுதியதைப் பற்றி வீட்டில் பேசுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம் பொருத்தமானது. யாரும் எழுந்து போக அவசரப்பட மாட்டார்கள். நான் பேசத் தொடங்கியதும் மகள், "இப்போது எதற்கு அப்பா இதெல்லாம்?" என்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் நின்ற பிறகு திரும்பி வந்து, நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி எங்கே என்று மட்டும் கேட்டாள். இரண்டையும் காட்டினேன். ஆண்டுதோறும் உங்கள் பிறந்த நட்சத்திரத்தன்று கோயிலுக்குப் போய் வந்ததும் நோட்டை ஒரு முறை எடுத்துப் புரட்டி, மாறிய தொலைபேசி எண்களையும் முடிந்துபோன வைப்புத்தொகைகளையும் அடித்துத் திருத்தி, பக்கத்தின் ஓரத்தில் தேதி போட்டு வையுங்கள்.